பொய்லரில் பாதி பொய்

மொன்றியல்
ஒக்டோபர் 19

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா சாம்பவிக்கு,

முதலில் மரண அறிவித்தல்.

கோட்-டெ-நெய்ஜைப் பிறப்பிடமாகவும், என் அறை யன்னலடியை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் ரேடியேட்டர் அவர்கள் நேற்று அதிகாலை குளிர்ந்து போனார். அன்னார் பேஸ்மென்ட் பொய்லரின் பாசமிகு மகனும், குளியலறை ரேடியேட்டரின் ஆருயிர்ச் சகோதரரும், என் ஈரக் காலுறைகளின் அன்புக் காவலரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் தடித்த போர்வையுடன் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: தம்பி வினோஜன்.

நான் சுகம். அம்மா சுகம். அப்பாவும் சுகம், ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நீ எப்படி?

இது என்ன புதுப் பழக்கம், கடிதம் என்று நீ யோசிப்பாய். நீ ஃபார்மசிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வடக்கே சிக்கூட்டிமியில் கிறகரி என்கிற முதலாளியிடம் பொய்லர் பூட்டிப் பழகப் போன அன்று, அப்பா நடுவீட்டில் நின்று சொன்னது உனக்கு மறந்திருக்காது. "நான் டோர்வல் எயார்போட்டில பொதி தூக்கினது நீ பைப் முறுக்கவோ?" அதற்குப் பிறகு சட்டம்: "இந்த வீட்டில இனி ஒருத்தரும் அவளோட ஃபோனில கதைக்கக் கூடாது." அந்தச் சட்டத்தை நான் எழுத்தெழுத்தாக ஆராய்ந்தேன். ஃபோன் என்றார். கதை என்றார். கடிதம் என்று சொல்லவே இல்லை! எவ்வளவு பெரிய ஓட்டை பார். மூன்று மாதமாக அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டது. எதிர்காலத்தில் நான் வழக்கறிஞராக வருவேன் என்பதற்கு இது சாட்சி.

நீ போன பிறகு இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. "ஒரு பைப்காரனும் இந்தப் படியில ஏறக் கூடாது." உன்னில் உள்ள கோபத்துக்கு முழுத் தொழிலுக்கும் தண்டனை. அதனால் பொய்லரைப் பார்க்க ஆள் கூப்பிட முடியாது. பொய்லர் உறுமுகிறது, மானியில் சூடு காட்டுகிறது, மேல்மாடி ரேடியேட்டர்கள் மட்டும் பனிக்கட்டி. பெயரிலேயே பாதி பொய் உள்ள ஒரு சாமானை எப்படி நம்புவது?

அக்கா, அம்மா இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு படுக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. அப்பாவுக்குத் தெரியாது. என் தபால் சேவை பரம இரகசியம்.

விறைத்த விரல்களுடன்,
வினோஜன்


சிக்கூட்டிமி
ஒக்டோபர் 30

அன்புள்ள வினோ,

சுகமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தபோது நான் வேலை வானுக்குள் இருந்தேன். உறையைப் பார்த்தபடி கனநேரம் இருந்துவிட்டேன். கடிதத்தை அல்ல, உறையை. கிறகரி வந்து கண்ணாடியில் தட்டி, கெட்ட செய்தியா என்று கேட்டார். இல்லை, ரேடியேட்டர் செத்துப்போச்சு என்றேன். அப்படியானால் உன் துறைதானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி வேலை. உங்கள் ரேடியேட்டர் சாகவில்லை. தொண்டையில் காற்று அடைத்திருக்கிறது. காற்று ஒரு சோம்பேறி. குழாய்களுக்குள் மிக உயரமான இடம் எதுவோ அங்கே போய்க் குந்திக்கொண்டு தண்ணீருக்கு வழி விடாது. அதுதான் மேல்மாடி மட்டும் குளிர்கிறது.

முதலில் பொய்லரை நிற்பாட்டி ஆற விடு. ஒவ்வொரு ரேடியேட்டரின் ஓரத்திலும் மேலே சதுரத் தலையுள்ள ஒரு குட்டி ஆணி இருக்கும். அதற்கு ஒரு சின்னச் சாவி விற்கிறார்கள். கீழ்வீட்டில் தொடங்கி மேலே போ. கோப்பையைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கொஞ்சமாகத் திருப்பு. ஸ்ஸ் என்று காற்று வரும். தண்ணீர் வந்ததும் இறுக்கிவிடு. பிறகு பொய்லரில் உள்ள அழுத்தமானியைப் பார். முள் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடையில் நிற்க வேண்டும்.

வாளியோடு படி ஏற வேண்டாம். கோப்பை போதும். குனிந்து வேலை செய்ய வேண்டாம், ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்து செய்யவும். முதுகு கவனம்.

ஏன்டா தமிழில் எழுதுகிறாய்? நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சில்தானே சண்டை பிடிப்போம்?

உன் அக்கா,
சாம்பவி


மொன்றியல்
நவம்பர் 10

மாண்புமிகு தலைமைக் குழாயியல் நிபுணர் அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆவலை விடக் குளிர் கூட.

ஏன் தமிழ் என்று கேட்டாய். பிரெஞ்சில் எழுதினால் பொய்லரை 'சோடியேர்' என்று எழுத வேண்டும். அதில் சோடி இருக்கிறது, பொய் இல்லை. எழுதி என்ன பயன்? மற்றது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உறவுமுறைக் கடிதம் எழுதச் சொன்னார்கள். நான் உனக்கு எழுதிய மரண அறிவித்தலைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். டீச்சர் முதலில் அனுதாபம் தெரிவித்தார். வாசித்து முடித்ததும் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தார்.

அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான், தனி ஒருவனாக, எல்லா ரேடியேட்டரிலும் காற்றுப் பிடுங்கினேன். ஒவ்வொன்றும் அப்பா சப்பாத்துக் கழற்றும்போது விடுகிற பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டது. குளியலறையில் உள்ளவர் மட்டும் பெருமூச்சோடு நிற்கவில்லை, என் முகத்தில் துப்பினார். கறுப்புத் தண்ணீர்! 'தெப்பனேர்' என்றால் எங்களுக்கு மூலைக் கடை. பிரான்சில் அந்தச் சொல்லுக்குப் பழுது பார்க்கிறவன் என்று கருத்து. எனவே அன்று இந்த ஊரில் தெப்பமாக நனைந்த ஒரே தெப்பனேர் நான்தான்.

உன் கடிதத்தைப் பொய்லரின் நெற்றியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறேன். வேலை செய்யும்போது நிமிர்ந்து பார்க்க வசதி.

விளைவு: கீழ்வீடு நல்ல சூடு. மேலே இளஞ்சூடு, அதாவது பூனை படுத்து எழும்பிப் போன கதிரை மாதிரி. முள் எட்டில் நிற்கிறது. பம்ப் உறுமுகிறது, ஆனால் அதற்குப் பக்கத்தில் உள்ள குழாயைத் தொட்டால் ஒன்றும் ஓடுகிற மாதிரி இல்லை.

ஒரு சந்தேகம். 'முதுகு கவனம்' என்று எழுதியிருந்தாய். எனக்கு ஏதக்கா முதுகு வலி? பதினைந்து வயது. முதுகு வலி அப்பாவுக்குத்தானே? குளிரில் உனக்கு ஆள் மாறிப்போச்சு போல.

நேற்று அம்மா தலையணை உறைகள் தோய்த்தபோது உன்னுடையதையும் தோய்த்தார். நீ போன பிறகு அதில் ஒருவரும் படுக்கவில்லை. கேட்டால், 'தூசி' என்றார்.

நனைந்தும் நிமிர்ந்தும் நிற்கும்,
வினோஜன்


சிக்கூட்டிமி
நவம்பர் 21

அன்புள்ள வினோ,

நலம். இங்கே இடுப்பளவு பனி கொட்டிவிட்டது. நேற்று ஒரு வயதான சோடியின் வீட்டுப் பொய்லரைத் திருத்தினோம். அந்த மனுசி எனக்குச் சூப் தந்து, 'உன் அப்பா அம்மாவுக்கு உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கும், என்ன?' என்று கேட்டார். சூப் நல்ல ருசி.

முள் எட்டில் நிற்பது காணாது. பொய்லருக்குத் தண்ணீர் வருகிற குழாயில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் தூக்கிப் பன்னிரண்டுக்கு மேலே கொண்டுவந்துவிட்டு, மேல்மாடியில் இன்னொரு தரம் காற்று எடு.

பம்ப் உறுமுவதால் சுற்றுகிறது என்று அர்த்தமில்லை. ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேள். சீராக ரீங்காரம் வந்தால் நல்லது. முக்கி முனகினால் உள்ளே இருக்கிற சக்கரம் கறள் பிடித்து இறுகிவிட்டது. மின்சாரத்தை நிற்பாட்டு. எல்லாம் ஆறட்டும். பம்பின் இரண்டு பக்கமும் உள்ள வால்வுகளை அடை. நாலு ஆணியையும் எடுத்துப் பம்பைக் கழட்டு. சக்கரத்தைச் சுரண்டிக் கழுவி, பம்பைத் திருப்பிப் பூட்டு. வால்வுகளைத் திற.

மேல் வால்வில் நீர் கசிந்தால் பயப்பட வேண்டாம். கைப்பிடியைக் கழட்டி, அதற்குக் கீழே இருக்கிற நட்டைக் கொஞ்சம் இறுக்கி, வால்வைத் திருப்பிப் பூட்டு. அவ்வளவுதான். சூடு வரும்.

பம்ப் பாரம். ஒராள் கழட்ட, ஒராள் தாங்கிப் பிடிக்க வேண்டும். டோர்வல் வேலை முடிந்து களைத்து வந்த கையோடு செய்யிற வேலை இல்லை இது.

தலையணை உறைக்கு அம்மாவிடம் நன்றி சொல்லு.

அன்புடன்,
சாம்பவி


மொன்றியல்
டிசம்பர் 5

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. வீட்டில் பேய்.

ஒழுங்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலைக்குப் போன பிறகு, உன் இரண்டாவது கடிதத்தையும் பொய்லரில் ஒட்டிவிட்டு, நான் ஸ்குரூ டிரைவர் வைத்துப் பம்பின் நெஞ்சைக் கேட்டேன். முக்கி முனகியது. கழட்டினேன். உள்ளே இருந்த சேற்றைப் பார்த்தால் அதில் கத்தரிக்காயே நடலாம். சுரண்டினேன், கழுவினேன், பூட்டினேன். மேல் வால்வு கசிந்தது. நீ சொன்னபடி கைப்பிடியைக் கழட்டி, நட்டை இறுக்கி, திருப்பிப் பூட்டினேன். எல்லாம் தனியே. எனக்கே என் கையைப் பார்க்க மரியாதை வந்தது.

பின்னேரம் என் அறை ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு! அம்மா சுவெட்டரைக் கழற்றினார். தேத்தண்ணியோடு மேலே வந்து, உன் அறைக்குள்ளும் ஒருக்கால் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடிய எழும்பினால் முழு வீடும் குளிர். மேல்மாடி மட்டும் இல்லை, கீழும். பேஸ்மென்ட்டுக்கு ஓடினேன். பம்புக்கு மேலே உள்ள வால்வு இறுக்கமாக அடைத்துக் கிடக்கிறது. பொய்லர் தன்பாட்டில் கொதிக்கிறது, நிற்கிறது, திரும்பக் கொதிக்கிறது. திறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அடுத்த நாள் விடிய, திரும்பவும் அடைப்பு. அதற்கு அடுத்த நாளும்.

அம்மாவிடம் கேட்டேன். "நான் ஏன்டா அதைத் தொடப் போறன்? எனக்குக் குளிர் பிடிக்குமெண்டோ?" என்றார். நியாயம்.

பேயைப் பிடிக்கப் பொறி வைத்தேன். சாமித் தட்டில் இருக்கிற சின்ன மணியை நூலால் வால்வுக் கைப்பிடியில் கட்டிவிட்டுப் படுத்தேன். தொட்டால் மணி அடிக்கும், நான் பாய்ந்து வருவேன் என்பது திட்டம். மணி அடிக்கவில்லை. விடியப் பார்த்தால் வால்வு அடைத்திருக்கிறது. மணியைக் காணவில்லை. தேடினால், அது துடைத்து மினுக்கிச் சாமித் தட்டில் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நூலைக் கூடச் சுருட்டி அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது.

அக்கா, இவ்வளவு மரியாதையான பேயை நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் செய்ததில் எங்கே பிழை?

போர்வைக்குள் இருந்து,
வினோஜன்


சிக்கூட்டிமி
டிசம்பர் 12

அன்புள்ள வினோவுக்கும், மரியாதையான பேய்க்கும்,

இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

வினோ, நீ ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை என் எழுத்தில். 'வால்வைத் திருப்பிப் பூட்டு' என்று எழுதினேன். கழட்டினதை மறுபடி பொருத்து என்பது என் கருத்து. நீ என் கையைப் பார்த்து வளர்ந்தவன், அப்படியே விளங்கிக்கொண்டாய். ஆனால் அதையே ஒருவர் 'வால்வைத் திருப்பி, பூட்டு' என்றும் வாசிக்கலாம். பைப்பைப் பூட்டு, கடையைப் பூட்டு, கதவைப் பூட்டு என்று அடைப்பதற்கும் சொல்வதில்லையா? அந்தப் பந்தியின் கடைசியில் 'பூட்டு, அவ்வளவுதான், சூடு வரும்' என்று எழுதியிருந்தால், ஒழுங்கான மனிசர் ஒவ்வொரு நாளும் வந்து, திறந்து கிடக்கிற வால்வை ஒழுங்காகப் பூட்டிவிட்டுத்தான் போவார். சூடு வருமென்று என்னை நம்பித்தான் பூட்டியிருக்கிறார்.

எனவே இந்தக் கடிதத்தைப் பொய்லரின் நெற்றியில் ஒட்டு. வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். கைப்பிடி குழாயின் போக்கில் நேராக இருந்தால் வால்வு திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே இருந்தால் அடைத்திருக்கிறது. தயவு செய்து நேராகவே விட்டுவிடுங்கோ. குளிருக்குள்ள பேஸ்மென்ட்டில நிண்டு முதுகு நாரி பிடிக்க விடாதேங்கோ.

பிழையாக எழுதினதற்கு மன்னிக்கவும்.

சாம்பவி


மொன்றியல்
டிசம்பர் 23

அக்கா, அக்கா, அக்கா,

எல்லோரும் நலம். வீடு நல்ல வெக்கை. நான் அரைக் காற்சட்டையோடு இருந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஒட்டி இரண்டாம் நாள் விடியப் பார்த்தேன். கைப்பிடி நேராக இருந்தது. சும்மா நேர் இல்லை. அளவுகோல் வைத்து நிமிர்த்தின மாதிரி நேர். பேய் திருந்திவிட்டது. பேய் யாரென்று எனக்கு இப்போதுதான் விளங்கியது என்று நினைக்காதே. முதல் கடிதத்தைப் பொய்லரில் ஒட்டினபோதே, 'அப்பா வாசிக்கட்டும்' என்றுதான் ஒட்டினேன். எல்லாம் என் திட்டம். தமிழில் எழுதினதும் என் திட்டம். (சரி, தமிழ் வகுப்பும் கொஞ்சம் காரணம்.)

அப்பா ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறார். நேற்றுச் சாப்பிடும்போது ரேடியேட்டரைப் பார்த்து, "ம், பரவாயில்லை" என்றார். அப்பாவின் அகராதியில் அது நோபல் பரிசு.

"ஆர் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"நீயோ?"

"ஓம்."

"ம்." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொல்லித் தந்தது ஆர்?" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கீரைச் சட்டியைப் பார்த்தார். "இன்ரநெட்" என்றேன்.

"இன்ரநெட்டுக்கு நல்ல கையெழுத்து" என்று சொல்லிவிட்டு எழும்பிக் கை கழுவப் போய்விட்டார்.

இன்னொரு புலனாய்வுத் தகவல். அப்பாவின் ஃபோனில் வானிலை பார்த்தேன். முன்பு மொன்றியல் மட்டும்தான் இருந்தது. இப்போது அதற்குக் கீழே சிக்கூட்டிமியும் இருக்கிறது. உங்கள் ஊருக்கு எச்சரிக்கை வந்த அன்று இரண்டு மூன்று தரம் அதைத் திறந்து பார்த்தார். நான் எட்டிப் பார்த்ததும், "பிளேன் பிந்துமோ எண்டு பாக்கிறன்" என்றார். டோர்வலில் இருந்து உங்கள் ஊருக்குப் போகிற பொதிகளில் அவருக்குத் திடீரென்று அப்படி ஓர் அக்கறை.

பொங்கலுக்கு வருவாயா?

வெற்றிப் பெருமிதத்துடன்,
இந்த வீட்டின் வெப்பத்துறை அமைச்சர்,
வினோஜன்


சிக்கூட்டிமி
ஜனவரி 27

அன்புள்ள வினோ,

இவ்வளவு பிந்தி எழுதுவதற்குக் கோபிக்காதே. நீ அனுப்பியிருந்த இரண்டு வாழ்த்து மட்டையும் வந்தன. மாடு வரைந்திருந்தாயா, கிறகரி வரைந்திருந்தாயா என்று விளங்கவில்லை. கிறகரிக்குக் காட்டினேன். கொம்பு தனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றார்.

வேலை கூட என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது உண்மை இல்லை. வேலை எப்போதும் போலத்தான். வீடு சூடாகிவிட்டது என்று நீ எழுதின கடிதத்தை வாசித்து நல்லாகச் சிரித்தேன். பிறகு, சூடான வீட்டுக்குக் கடிதத்தில் எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். யோசித்தபடியே தை பிறந்துவிட்டது. பொங்கலுக்கு வா என்று நீ கேட்டாய். நீ கேட்டதை மறக்க மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியவர் நீ இல்லை, குஞ்சு.

மார்ச் மாதம் எனக்கு மொன்றியலில் தொழிற் பரீட்சை. ஒரு கிழமை, ஏழு நாளும், அங்கே நிற்பேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில், என் சிநேகிதி கஜந்தினி வீட்டில் தங்க ஒழுங்கு செய்திருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் விட்டு மெட்ரோவில் வந்தால் எங்காவது ஒரு கோப்பிக் கடையில் சந்திக்கலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்பாவுக்கு வீண் கரைச்சல் வேண்டாம்.

உங்கள் பொய்லர் நல்ல பொய்லர். வருடத்துக்கு ஒருக்கால் காற்று எடுத்தால் இன்னும் பத்து வருடம் ஓடும். இனி என் உதவி தேவைப்படாது.

உன் கடிதங்கள் வந்த உறைகளை எல்லாம் எறியாமல் வைத்திருக்கிறேன். முதலாவதில் இருந்து.

அன்புடன்,
அக்கா


மொன்றியல்
பெப்ரவரி 9

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

நானும் அம்மாவும் தம்பியும் சுகம். நீயும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

வால்வு விடயமாக எழுதுகிறேன். நீ 'திருப்பிப் பூட்டு' என்று எழுதியிருந்தாய். நான் திருப்பினேன். பூட்டினேன். இதில் என்னுடைய பிழை ஒன்றும் இல்லை. உன்னுடைய பிழையும் இல்லை. தமிழினுடைய பிழை.

பம்ப் இப்போது நல்ல சத்தத்துடன் ஓடுகிறது. ஸ்குரூ டிரைவர் வைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

சென்ற கிழமை எங்கள் வேலையிடத்தில் சூடு நின்றுவிட்டது. திருத்த வந்தவர் ஒரு பெண்பிள்ளை. உன் வயது இருக்கும். தனியே ஏணி கொண்டு வந்து, தனியே செய்து முடித்தார். அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். காரணம் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் பொய்லரில் ஒட்டியிருந்ததால் வாசிக்க நேர்ந்தது. மார்ச் மாதம் பரீட்சைக்கு வருவதாக அறிகிறேன். புரோசார்ட்டில் இருந்து விடியப் பாலம் தாண்டிப் பரீட்சைக்குப் போவது கரைச்சல். வாகன நெரிசல்.

மேலும், வீட்டில் எல்லா ரேடியேட்டரும் சரி. உன்னுடைய அறையில் உள்ளது மட்டும் இன்னும் சூடாகவில்லை. தம்பிக்கு அது பிடிபடவில்லை. இது தபாலில் பார்க்கக்கூடிய வேலை இல்லை. ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும். ஒரு கிழமை எடுக்கும் என நினைக்கிறேன்.

பைப்காரர் படியேறுவது பற்றி முன்பு நான் சொன்னதை வாபஸ் பெறுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
அருளம்பலம்


மொன்றியல்
அதே நாள், அதே உறைக்குள்

அக்கா,

நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நலம்.

அப்பாவின் கடிதத்தை நான் வாசிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். எனவே வாசித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இன்று மத்தியானம் உனக்கு ஒரு கடிதம் எழுதி, வழக்கம் போல எங்கள் வாசல் தபால் பெட்டிக்குள் வைக்கப் போனேன். அப்பா வாசலில் நின்று பனி வழித்துக்கொண்டிருந்தார்.

"உது என்னடா?"

மறைக்க நேரமில்லை. "கடிதம்" என்றேன்.

"ஆருக்கு?"

"அக்காவுக்கு."

"ம். முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?"

அப்பா பனிச் சவளைக் குத்தி நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி, ஜாக்கெட்டின் உள் பொக்கற்றில் இருந்து ஒரு முத்திரைத் தாளை எடுத்தார். அதில் முக்கால்வாசி கிழித்து எடுத்தாயிற்று.

"நீ என்னடா நினைச்சனி? தபால்காரன் உன்ர மாமனோ, சும்மா கொண்டு போய்க் குடுக்க? அவன் கடிதம் கொண்டு வந்து போடுறவன். எங்கட பெட்டியில இருந்து எடுத்துக்கொண்டு போறவன் இல்லை."

அக்கா, சத்தியமாக எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் தபாலில் ஒன்றும் அனுப்பினதில்லை. பெட்டியில் வைத்தால் ஆள் வந்து எடுப்பார், போய்ச் சேரும் என்றுதான் நினைத்தேன். வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் கடிதம் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே கைகொடுத்தேன்.

"அப்ப அதெல்லாம்..." என்றேன்.

"டோர்வலில போட்டனான். வேலைக்குப் போற வழியில பெட்டி இருக்கு. முதல் கடிதத்தில இருந்து ஒண்டிலயும் நீ தபால் குறியீடும் எழுதேல்லை. அதையும் எழுதி விட்டனான்."

அப்போதுதான் எனக்கு உறை விளங்கியது, அக்கா. முதல் கடிதத்தில் இருந்தே நீ அப்பாவின் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். 'முதுகு கவனம்' என்று நீ எழுதினது எனக்கே இல்லை. உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். நடுவில் நின்று இரகசியத் தபால் சேவை நடத்தின எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

"நீங்கள்தானே அக்காவோட ஒருத்தரும் கதைக்கக் கூடாது எண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அப்பா சவளை எடுத்து வழித்துக்கொண்டே சொன்னார்: "ஃபோனில எண்டுதானே சொன்னனான். கடிதத்துக்கு நான் ஒண்டும் சொல்லேல்லையே."

அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது நான் என்று இவ்வளவு நாளும் இருந்தேன்.

இன்னும் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காற்றுப் பிடுங்கினது நான் இல்லை, அம்மா. கறுப்புத் தண்ணீர் பட்டது மட்டும் என் முகம், எட்டிப் பார்த்ததால். பம்பைக் கழட்டிச் சுரண்டிப் பூட்டினதும் அம்மாதான். "உன்ர அக்காவுக்கு இந்தக் கை எங்கயிருந்து வந்ததெண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே செய்தார். நான் டோர்ச் பிடித்தேன். அதையும் ஒருக்கால் கீழே போட்டேன்.

கடைசியாக, உன் அறை ரேடியேட்டர். இதை வாசித்துவிட்டு உடனே கிழித்துவிடு. அப்பாவின் கடிதத்தை வாசித்ததும் மேலே ஓடிப்போய் அதைத் தொட்டேன். கை சுட்டுவிட்டது. விரலில் இப்போதும் கொப்புளம். அது டிசம்பரில் இருந்தே நல்லாகச் சுடுகிறது. பெட்சீற்றும் மாற்றியிருக்கிறது. இந்த வீட்டின் மிகப் பெரிய பொய்லர் நான் என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன். இல்லை. எனக்கு மேலே இன்னொருவர் இருக்கிறார்.

நீ வரும்போது ஒன்றும் தெரியாத மாதிரி வா. சாவி, வாளி, எல்லாச் சாமானும் கொண்டு வா. ஒரு கிழமை நின்று ஆறுதலாகத் திருத்து.

நான் டோர்ச் பிடிக்கிறேன்.

வினோஜன்